மாத்திரை எதற்கு என்று சீட்டில் எழுதுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஏப்ரல் 2, உலக ஆட்டிச விழிப்புணர்வு நாள் வந்தால் நாளிதழ்களில் நீல விளக்குப் படமும் ஊர்வலப் படமும் வருகின்றன. ஆட்டிசம் உள்ள பிள்ளைகளில் பலர் அன்றாடம் விழுங்கும் மாத்திரையைப் பற்றி ஒரு பத்திகூட வருவதில்லை. வீடுகளில் அந்தப் பேச்சு எழுந்தால் இரண்டே குரல்கள்தான். "மூளையை மரத்துப்போக வைக்கிற மருந்து, தொடாதே" என்று ஒன்று. "மாத்திரை போட்டால் சும்மா இருப்பான்" என்று மற்றொன்று. இரண்டுமே பிள்ளையைக் கெடுக்கின்றன. மருந்துக்கடை மேசைக்குப் பின்னால் நிற்கும் ஒருவரும் சிறப்பு வகுப்பில் நிற்கும் ஒருவரும் சேர்ந்து இதை எழுதுகிறோம். மருத்துவரைப் பார்க்கப் போகும் பெற்றோர் கையில் இருக்க வேண்டிய விவரங்கள் இவை. இதை வைத்துக்கொண்டு யாரும் தாங்களாகவே மருந்தைத் தொடங்கவோ கூட்டவோ கூடாது.

ஆட்டிசத்துக்கு என்று மருந்து கிடையாது. பேச்சு வரவும், கண்ணைப் பார்க்கவும், மற்றப் பிள்ளைகளோடு சேரவும், கையை உதறுவதை நிறுத்தவும் உதவும் என்று உறுதியாக நிரூபிக்கப்பட்ட மாத்திரை எதுவும் இல்லை. அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு ஆட்டிசப் பிள்ளைகளுக்கான மனநல மருந்து என்று அனுமதித்தவை இரண்டு: 2006இல் ரிஸ்பெரிடோன், 5 முதல் 16 வயது வரை, 2009இல் அரிபிப்ரசோல், 6 முதல் 17 வயது வரை. இந்த இரண்டுமே கடும் எரிச்சலுக்குத்தான். அதாவது சட்டென்று மூளும் ஆவேசம், அடிப்பது, கடிப்பது, தலையை முட்டித் தன்னையே காயப்படுத்துவது. "மூளை டானிக்" என்ற பெயரில் பிராசெட்டம், சிட்டிகோலின் சிரப்புகளை மாதக்கணக்கில் வாங்கும் குடும்பங்கள் நம் குமரி மாவட்டத்தில் குறைவில்லை. பேச்சு வரும் என்ற நம்பிக்கையில் கொடுக்கும் காசு அது. அதைப் பேச்சுப் பயிற்சிக்குக் கொடுத்தாலாவது பலன் இருக்கும்.

எரிச்சலுக்கு ரிஸ்பெரிடோன் வேலை செய்கிறது, அதில் சந்தேகம் வேண்டாம். 2002இல் வெளிவந்த ஆய்வில் 101 பிள்ளைகளை எட்டு வாரம் பார்த்தார்கள். மருந்து சாப்பிட்டவர்களில் 69 சதவீதம் பேருக்கு நல்ல மாற்றம். மருந்தே இல்லாத வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களில் 12 சதவீதம் பேருக்குத்தான். ஆனால் அதே எட்டு வாரத்தில் மருந்துக்காரர்கள் சராசரியாக 2.7 கிலோ எடை கூடினார்கள், மற்றவர்கள் 0.8 கிலோ. இந்த இரண்டு எண்களையும் ஒன்றாகச் சொல்லாமல் மருந்துச்சீட்டு எழுதக் கூடாது என்பது எங்கள் எண்ணம்.

முதல் மாத்திரைக்கு முன்னால் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. வாய் பேசாத பிள்ளை வலியை எப்படிச் சொல்லும்? திடீரென்று ஒரு வாரமாகத் தலையை முட்டுகிறதென்றால் காதில் சீழ் இருக்கிறதா, கடைவாய்ப் பல்லில் சொத்தை இருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். சாப்பிட்டதும் அலறினால் நெஞ்செரிச்சலாக இருக்கலாம். நான்கு நாளாக வெளிக்குப் போகாத பிள்ளை யாரையும் அருகில் விடாது. பெரிய பெண் பிள்ளைகளுக்கு மாதவிலக்கு நாட்களையும் சேர்த்துக் குறித்தால் கோபத்தின் நாட்கள் தாமாகவே விளங்கும். இரவில் காலை உதைத்துக்கொண்டே தூங்கும் பிள்ளைக்கு இரும்புச்சத்தின் இருப்பைக் காட்டும் ஃபெரிட்டின் அளவைப் பார்த்துவிட்டுத் தூக்க மருந்தைப் பற்றிப் பேசலாம்.

ஊரின் காலண்டரும் கணக்கில் வர வேண்டும். குமரிக்கு இரண்டு மழைக்காலம். ஜூனில் பள்ளி திறக்கும்போது ஒன்று, ஐப்பசியில் ஒன்று. வீட்டுக்குள் அடைபட்ட பிள்ளை குதிக்கத்தான் செய்யும். கோயில் கொடைக்கும் பங்குத் திருவிழாவுக்கும் பத்து நாள் மைக்செட்டும் வெடியும். அந்தப் பத்து நாளை வைத்து டோஸைக் கூட்டிவிட்டு, திருவிழா முடிந்த பிறகும் குறைக்காமல் விடுவது அடிக்கடி நடக்கிறது. காதை மூடும் ஹெட்போனும், அந்தப் பத்து நாளுக்கு உள்ளூரில் வேறு ஒரு சொந்தக்காரர் வீடும் போதுமாக இருந்திருக்கும்.

இவ்வளவுக்குப் பிறகும் பிள்ளை தன்னையோ தங்கையையோ காயப்படுத்துகிறதென்றால் மருந்தைத் தள்ளிப்போடுவதும் தவறு. அப்போது ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கிக்கொள்ளுங்கள். மருந்து தொடங்குமுன் இரண்டு வாரம், நாள், நேரம், அதற்கு முன் என்ன நடந்தது, பிள்ளை என்ன செய்தது, எவ்வளவு நேரம் நீடித்தது, நீங்கள் என்ன செய்தீர்கள் என்று எழுதுங்கள். "ரொம்ப முரண்டு" என்று எழுதினால் பயனில்லை. "கையைக் கடித்தது: காலை 3, மாலை 5" என்றால் பயன். மருந்து தொடங்கி நான்காம் வாரம் அதே எண்ணிக்கையை மறுபடி எடுங்கள். இங்கிலாந்தின் தேசிய வழிகாட்டுதல் 3 முதல் 4 வாரத்தில் மறுபரிசீலனை செய்யவும், 6 வாரத்தில் குறிப்பிடத்தக்க மாற்றம் இல்லையென்றால் மருந்தை நிறுத்தவும் சொல்கிறது. எண்ணிக்கை கையில் இல்லாத வீட்டில் ஆறாம் வாரம் என்று ஒன்று வருவதே இல்லை. மருந்து வருடக்கணக்கில் ஓடும்.

அளவு. 20 கிலோவுக்குக் குறைந்த பிள்ளைக்கு ரிஸ்பெரிடோன் நாளுக்கு 0.25 மி.கி., அதற்கு மேல் 0.5 மி.கி. என்று தொடங்குவது வழக்கம். குறைந்தது நான்கு நாள் கழித்து இரட்டிப்பு. அதன் பிறகு இரண்டு வாரமாவது அதே அளவில் நிறுத்திப் பார்த்துவிட்டுத்தான் அடுத்த கூட்டல். அரிபிப்ரசோல் 2 மி.கி.யில் தொடங்கி, பிறகு 5 மி.கி.க்குப் போகும். அது உடம்பில் பாதியாகக் குறையவே மூன்று நாளுக்கு மேல் ஆகும். அதனால் ஒரு டோஸின் முழுப் பலன் தெரிய இரண்டு வாரம் பிடிக்கும். மூன்றாம் நாளே "ஒன்றும் தெரியவில்லை" என்று போன் செய்து கூட்டச் சொல்வதில்தான் பாதி வினை.

ரிஸ்பெரிடோன் சொட்டு மருந்து பெரும்பாலும் 1 மில்லியில் 1 மி.கி. என்ற கணக்கில் வருகிறது. 0.25 மி.கி. என்றால் கால் மில்லி. வீட்டில் கிடக்கும் 5 மில்லி மூடியில் "ஒரு கோடு" என்று ஊற்றினால் நான்கு மடங்கோ, இருபது மடங்கோ போய்விடும். மருந்து வாங்கும்போதே ஊசி இல்லாத 1 மில்லி சிரிஞ்சு கேட்டு வாங்குங்கள். கடைக்காரரிடம் தண்ணீரில் ஒருமுறை அளந்து காட்டச் சொல்லி, எந்தக் கோடு என்று பேனாவால் குறியுங்கள். இன்சுலின் சிரிஞ்சு வேண்டாம். அதிலுள்ள கோடுகள் யூனிட் கணக்கு. வாயின் கன்ன ஓரத்தில் மெதுவாக விட வேண்டும், தொண்டைக்கு நேராகப் பீய்ச்சக் கூடாது.

கலந்து கொடுப்பதிலும் ஒரு தப்பு நடக்கிறது, அது நம் பக்கத்துக்கே உரியது. பிள்ளை மருந்தைத் துப்புகிறது என்று கட்டன் சாயாவில், அதாவது பால் சேர்க்காத தேநீரில், கலந்து கொடுப்பார்கள். ரிஸ்பெரிடோன் சொட்டு மருந்தைத் தேயிலையிலும் கோலா பானத்திலும் கலக்கக் கூடாது என்று அதன் குறிப்பிலேயே இருக்கிறது. தண்ணீர், ஆரஞ்சுச் சாறு, கொழுப்பு குறைந்த பால், ஏன் காப்பியில்கூடக் கலக்கலாம். தேயிலையும் கோலாவும்தான் ஆகாது. எதில் கலந்தாலும் சிறிதளவில் கலந்து முழுவதையும் குடிக்க வையுங்கள். ஒரு பெரிய தம்ளரில் கலந்து பாதி மிச்சம் வைத்தால் பாதி டோஸ்தான் உள்ளே போயிருக்கும்.

இன்னொன்றை மருந்துக்கடைக்காரர்களே திருத்திக்கொள்ள வேண்டும். ரிஸ்பெரிடோனோடு டிரைஹெக்சிபெனிடைல் சேர்ந்த மாத்திரைகள், பெயருக்குப் பின்னால் "பிளஸ்" என்று முடிபவை, அலமாரியில் நிறைய. தனி மாத்திரை இருப்பில் இல்லை என்று இதைத் தருவது தவறு. இரண்டாவது மருந்து வாயை உலர்த்தும், மலச்சிக்கல் உண்டாக்கும், குழப்பம் தரும். ஏற்கெனவே மலச்சிக்கலால் எரிச்சல்படும் பிள்ளைக்கு அதையே கூட்டிக் கொடுப்பதாக முடியும். மருத்துவர் எழுதினால் மட்டும் அது.

எடைக்கு வருவோம். மருந்து தொடங்கும் நாளிலேயே உயரம், எடை, இடுப்புச் சுற்றளவு, ரத்த அழுத்தம், வெறும் வயிற்றுச் சர்க்கரை, கொழுப்பு, கல்லீரல் பரிசோதனை எடுத்து வைக்க வேண்டும். பிறகு மாதம் ஒருமுறை எடை. மூன்றாம் மாதம் ரத்தப் பரிசோதனை மறுபடி. அதன்பின் ஆறு மாதமோ வருடமோ ஒருமுறை. இந்த மருந்து வயிறு நிறைந்த உணர்வையே தள்ளிப்போடுகிறது. தட்டு காலியானதும் மறுபடி வந்து நிற்பது பிள்ளையின் பேராசை கிடையாது. மரச்சீனிக் கிழங்கும் மீன்கறியும் வீட்டுச் சாப்பாடு. அதில் கிழங்கைக் குறைத்து மீனையும் பயறையும் கூட்டலாம். அசல் வில்லன் பேக்கரி. ஒரு சிப்ஸ் பாக்கெட்டைக் காட்டித்தான் பிள்ளையை ஆட்டோவில் ஏற்ற முடிகிறது என்ற நிலை வந்துவிட்டால், பரிசாகத் தின்பண்டத்தைக் கொடுக்கும் பயிற்சி முறையையும் மாற்றத்தான் வேண்டும். முதல் மூன்று மாதத்தில் எடை வேகமாக ஏறினால் அரிபிப்ரசோலுக்கு மாறுவதா, டோஸைக் குறைப்பதா, சர்க்கரை நோய் மருந்தான மெட்ஃபார்மினைச் சேர்ப்பதா என்று மருத்துவர் முடிவு செய்வார். எடை எழுதாத சீட்டைப் பார்த்து அவரால் எதையும் முடிவு செய்ய முடியாது. பையனுக்கு மார்பு வீங்கினாலோ, பெண் பிள்ளைக்கு மாதவிலக்கு தள்ளிப்போனாலோ கூச்சப்படாமல் சொல்லுங்கள். ரிஸ்பெரிடோன், பால் சுரக்க வைக்கும் புரோலாக்டின் ஹார்மோனை ஏற்றும். அரிபிப்ரசோலில் இந்தத் தொல்லை குறைவு.

இனி நாங்கள் மிகவும் கவலைப்படும் இடம். டோஸ் கூட்டிய சில நாட்களில் பிள்ளை உட்கார மாட்டேன் என்கிறது. நின்ற இடத்தில் காலை மாற்றி மாற்றி வைக்கிறது, அறைக்குள் குறுக்கும் நெடுக்கும் நடக்கிறது, இரவில் எழுந்து அழுகிறது. பெற்றோர் கண்ணுக்கு இது "மருந்து பற்றவில்லை" என்று தெரியும். டோஸ் மேலும் கூடும், நடையும் கூடும். அகதீசியா என்ற பக்கவிளைவு இது. மருந்தே உண்டாக்கும் உள்பரபரப்பு. பேசத் தெரிந்த பெரியவர்களே இதைச் சொல்லத் திணறுவார்கள். கண்டுபிடிக்க எளிய வழி, தேதியைப் பார்ப்பதுதான். இந்த நடை மருந்துக்கு முன் எழுதிய நோட்டில் இருந்ததா, டோஸ் கூட்டிய பிறகு வந்ததா? பிறகு வந்ததென்றால் வழி கீழே இறங்குவது, மேலே ஏறுவது அல்ல.

முதல் நாட்களில் கழுத்து ஒரு பக்கமாகத் திருகிக்கொள்வதும், கண்மணி மேலே செருகி நிற்பதும், நாக்கு வெளியே தள்ளுவதும் சில பிள்ளைகளுக்கு, முக்கியமாக வளரும் பையன்களுக்கு, வரலாம். பார்ப்பவர்கள் வலிப்பு என்பார்கள், வேறு சிலர் மந்திரவாதியிடம் கூட்டிப்போவார்கள். பிள்ளைக்கு நினைவு தெளிவாக இருக்கும், கூப்பிட்டால் கண்ணீரோடு பார்க்கும். அதுதான் பெரும்பாலான வலிப்புகளிலிருந்து இதைப் பிரிக்கும் அடையாளம். அருகிலுள்ள அரசு மருத்துவமனைக்கு, தக்கலையோ குழித்துறையோ குளச்சலோ, மருந்துச்சீட்டோடு போனால் புரோமெதசின் போன்ற ஊசியில் பெரும்பாலும் சற்று நேரத்தில் சரியாகும். இதைவிட அரிதானதும் ஆபத்தானதும் ஒன்று உண்டு: கடும் காய்ச்சல், உடம்பு கட்டைபோல் விறைத்தல், வேர்வை, நினைவு தடுமாற்றம். அடுத்த டோஸைக் கொடுக்காமல் உடனே 108. ஏப்ரல், மே வெயிலிலும் கவனம் வேண்டும். இந்த மருந்துகள் உடம்பு சூட்டைச் சமாளிக்கும் திறனைக் குறைக்கும். தண்ணீர் கேட்கத் தெரியாத பிள்ளைக்கு நேரம் வைத்துத் தண்ணீர் கொடுங்கள்.

மற்ற மருந்துகளைச் சுருக்கமாகச் சொல்கிறோம். துறுதுறுப்புக்கும் கவனமின்மைக்கும் மெதில்பெனிடேட் உண்டு. ஆட்டிசம் உள்ள பிள்ளைகளிடம் 2005இல் செய்த ஆய்வில் 49 சதவீதம் பேருக்குப் பலன், 18 சதவீதம் பேர் பக்கவிளைவால் பாதியில் விட்டார்கள். ஆட்டிசம் இல்லாத பிள்ளைகளுக்குக் கிடைக்கும் பலனை எதிர்பார்க்க வேண்டாம். அது எக்ஸ் பட்டியல் மருந்து. இரண்டு படிச் சீட்டு வேண்டும், எல்லாக் கடையிலும் இருக்காது, தீர்ந்துபோகும் நாளுக்கு ஒரு வாரம் முன்பே தேடத் தொடங்குங்கள். துறுதுறுப்புக்குத் தரும் இன்னொரு மருந்தான குளோனிடின் 100 மைக்ரோகிராம் மாத்திரை, அதாவது 0.1 மி.கி.; இந்த இரண்டு எழுத்து முறையைக் குழப்பிக்கொண்டால் அளவு தலைகீழாகும். அதைத் திடீரென்று நிறுத்தினால் ரத்த அழுத்தம் எகிறும். ஒரே மாதிரி செய்யும் பழக்கங்களுக்கு சிட்டலோபிராம் என்ற மனச்சோர்வு மருந்தைக் கொடுத்து 149 பிள்ளைகளிடம் பார்த்தார்கள், 2009இல். வெற்று மாத்திரையைவிட ஒரு பலனும் இல்லை, தூக்கம் கெட்டதும் பரபரப்பும்தான் மிச்சம். அந்த வகையிலுள்ள ஃபுளுவாக்செட்டின் ஏற்கெனவே ஓடும் ரிஸ்பெரிடோன், அரிபிப்ரசோல் இரண்டின் அளவையும் ரத்தத்தில் ஏற்றிவிடும். மெலடோனின் தூங்கும் நேரத்துக்கு அரை மணி முதல் ஒரு மணி முன்பு, 1 முதல் 3 மி.கி.யில் தொடங்கலாம். கொடுத்துவிட்டுக் கையில் செல்போனையும் கொடுத்தால் காசு வீண்.

குமரியில் ஒரு தனிச் சிக்கல், எல்லை. வலிப்புக்குத் திருவனந்தபுரத்தில் ஒரு நரம்பியல் மருத்துவர்; நடத்தைக்கு நாகர்கோவிலில் ஒரு மனநல மருத்துவர்; காய்ச்சலுக்கு மார்த்தாண்டத்தில் குழந்தை மருத்துவர். மூன்று சீட்டும் மூன்று பிளாஸ்டிக் உறையில். ஆட்டிசத்தோடு வலிப்பும் இருப்பது சகஜம். அதற்குத் தரும் லெவெடிராசெட்டம் சில பிள்ளைகளை முரடாக்கும், பழைய பீனோபார்பிட்டோன் துறுதுறுப்பைக் கூட்டும். அந்த எரிச்சலைப் பார்த்து இந்தப் பக்கம் ரிஸ்பெரிடோன் தொடங்குவார்கள். ஒரு மருந்தின் பக்கவிளைவுக்கு இன்னொரு மருந்து. வலிப்பு மருந்தான வல்ப்ரோயேட்டும் ரிஸ்பெரிடோனும் சேர்ந்தால் எடை இரட்டை வேகத்தில் ஏறலாம். இன்னொரு வலிப்பு மருந்தான கார்பமசிபின் சேர்ந்தால் ரிஸ்பெரிடோன் அளவு ரத்தத்தில் குறையும், நேற்று வரை பிடித்த டோஸ் இன்று பிடிக்காது. மார்த்தாண்டத்தில் இருமலுக்கு எழுதும் கிளாரித்ரோமைசின் என்ற ஆன்டிபயாடிக் அரிபிப்ரசோலின் அளவை ரத்தத்தில் ஏற்றும்.

இதைவிட எளிய விபத்தும் உண்டு. அரசு மருத்துவமனையில் மூலப்பெயரில், அதாவது கம்பெனி வைத்த பெயர் இல்லாமல் மருந்தின் சொந்தப் பெயரிலேயே, இலவசமாகக் கிடைக்கும் அதே மருந்தைத் தனியார் கடையில் வேறு பெயரில் வாங்கி, இரண்டும் வெவ்வேறு என்று நினைத்து இரண்டையும் கொடுப்பது. அட்டையின் பின்பக்கம் சிறிய எழுத்திலுள்ள மூலப்பெயரைப் படித்துப் பாருங்கள். ஒரே பெயராக இருந்தால் கொடுக்குமுன் கேளுங்கள். வைத்தியர் தந்த லேகியமோ பொடியோ இருந்தால் அதையும் மூன்று மருத்துவரிடமும் காட்டுங்கள். திட்டுவார்கள் என்று மறைப்பதுதான் கெடுதல்.

நிறுத்துவது தொடங்குவதைவிட நுணுக்கமானது. மேலே சொன்ன 2002 ஆய்வின் தொடர்ச்சியில், ஆறு மாதம் நன்றாக இருந்த பிள்ளைகளில் 32 பேரில் 16 பேருக்கு, அவர்களுக்குத் தெரியாமல், மருந்தைப் படிப்படியாக வெற்று மாத்திரையாக மாற்றினார்கள். 10 பேருக்குப் பழைய நிலை திரும்பியது. மருந்தில் தொடர்ந்த 16 பேரில் 2 பேருக்குத்தான். ஆறுமாதத்தில் அவசரப்பட வேண்டாம் என்பது ஒரு பக்கம். ஆறு பேருக்குத் திரும்பவில்லை என்பது மறுபக்கம். அதனால் வருடம் ஒருமுறையாவது குறைத்துப் பார்க்கும் பேச்சு நடக்க வேண்டும். காலாண்டு, அரையாண்டு விடுமுறையில் குறைப்பதைவிட, பள்ளியும் வீடும் ஒரே சீராக ஓடும் மாதங்களில் குறைப்பது நல்லது. இரண்டு முதல் நான்கு வாரத்துக்கு ஒருமுறை கால்பங்கு போலக் குறைத்து, ஒவ்வொரு படியிலும் நோட்டில் எண்ணிக்கை எடுங்கள். சட்டென்று விட்டால் தூக்கம் போகும், வாயும் விரலும் தாமாக அசையத் தொடங்கலாம். அதைப் பார்த்து "மருந்து இல்லாமல் முடியாது" என்று தப்பாக முடிவெடுப்பார்கள். வெளியூர்க் கல்யாணத்துக்குப் போகும்போது மாத்திரையை வீட்டில் மறந்துவிட்டுப் போவதே பெரும்பாலான "சட்டென்று நிறுத்தல்". பயணப் பையில் ஐந்து நாள் மருந்து எப்போதும் இருக்கட்டும்.

பள்ளிகளுக்கும் ஒரு வார்த்தை. "மாத்திரை போட்டு அனுப்புங்கள், இல்லையென்றால் அனுப்ப வேண்டாம்" என்று ஆசிரியர் சொல்ல இடமில்லை. 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 21 வகைகளில் ஆட்டிசமும் ஒன்று, சேர்த்துக்கொண்டு கற்பிக்க வேண்டியது பள்ளியின் கடமை. வகுப்பில் தூங்கி வழியும் பிள்ளையை "இப்போது நல்ல பிள்ளை" என்று பாராட்டி டைரியில் எழுதி அனுப்புகிறார்கள். தூங்கும் பிள்ளை படிக்கவில்லை என்பதையும் அதே டைரியில் எழுதலாம். அடையாள அட்டையிலுள்ள சதவீதமும் மருந்தை முடிவு செய்யாது. 40 சதவீதக்காரருக்குத் தேவைப்படலாம், 90 சதவீதக்காரருக்குத் தேவைப்படாமல் போகலாம்.

நாங்கள் கேட்பது சில சிறிய காரியங்கள்தான். ஆசாரிபள்ளம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும் மாவட்ட மனநலத் திட்ட முகாம்களிலும் இந்தப் பிள்ளைகளுக்கு ஒரு தனி மஞ்சள் அட்டை கொடுக்கட்டும். அதில் மருந்தின் மூலப்பெயர் தமிழில், டோஸ் மி.கி.யிலும் மில்லியிலும், எந்த நடத்தைக்காக, மறுபடி பார்க்கும் தேதி, அன்றைய எடை. கேரளத்தில் பார்க்கும் மருத்துவரும் அதே அட்டையில் எழுதட்டும். மருந்து வழங்கும் சன்னலில் ஒரு எடை இயந்திரம், ஒரு டப்பா நிறைய 1 மில்லி சிரிஞ்சு. ரத்தப் பரிசோதனைக்கும் மருந்துக்கும் பணம் இல்லாதவர்களுக்கு தேசிய அறக்கட்டளையின் நிராமயா காப்பீடு 1 லட்சம் ரூபாய் வரை உண்டு, வெளிநோயாளிச் செலவும் அதில் வரும். அந்த விண்ணப்பத்தை அதே சன்னலில் வைக்கலாம். இரவில் மருந்து தவறிவிட்டது, கூட்டிக் கொடுத்துவிட்டோம் என்று பதறும் பெற்றோருக்கு டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவித் தொலைபேசியின் 14416 எண்ணையும், மயக்கம் இருந்தால் 108 என்பதையும் அட்டையின் பின்பக்கத்தில் பெரிய எழுத்தில் அச்சிடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு மருந்தாளுநர், ஒரு சிறப்பாசிரியர்
தக்கலை, கன்னியாகுமரி மாவட்டம்